நான்கு நாளுக்கு ஒரு ஃபோட்டான்

சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் ஏறிப் புறப்பட்டது. அதுவரை அதற்கு ஆன செலவு சுமார் 165 கோடி டாலர். ஐந்து ஆண்டு உழைத்தால் போதும் என்பதுதான் அன்றைய திட்டம். சொன்னபடி ஐந்தாம் ஆண்டில் அது ஓய்ந்திருந்தால், கட்டிய செலவு மட்டுமே ஆண்டுக்கு 33 கோடி டாலர் என்று விழுந்திருக்கும். 25 ஆண்டு ஓடியதால் அதே செலவு ஆண்டுக்கு 6.6 கோடியாக இறங்கிவிட்டது. அதை இயக்கவும், தரவுகளைப் பேணவும், ஆய்வாளர்களுக்கு நிதி தரவும் நாசா 2023இல் ஒதுக்கிய தொகை 6.83 கோடி டாலர். கட்டிய கணக்கும் நடத்தும் கணக்கும் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று சமமாக வந்து நிற்கின்றன.

அந்த நிலையில்தான், 2024 மார்ச்சில் வெளியான நாசாவின் வரவுசெலவுத் திட்டம் 2025க்கான ஒதுக்கீட்டை 4.11 கோடியாகவும், அடுத்த ஆண்டு 2.66 கோடியாகவும் குறைக்கலாம் என்றது. இந்தத் தொகையில் தொலைநோக்கியை ஓட்ட முடியாது, மூடுவதற்கான ஏற்பாட்டைத்தான் தொடங்க வேண்டியிருக்கும் என்று சந்திரா மையத்தின் இயக்குநர் பேட்ரிக் ஸ்லேன் வானியலாளர்களுக்குக் கடிதம் எழுதினார். தொலைநோக்கிக்கு வயதாகிவிட்டது, வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது கடினமாகி வருகிறது, அதனால் செலவு கூடுகிறது என்பது நாசாவின் வாதம். அந்த வாதத்தில் ஒரு பகுதி உண்மை. மீதியைச் சோதிக்க, இந்தத் துறையில் எதற்கு எவ்வளவு ஆகிறது என்று முதலிலிருந்தே பார்த்துவிடுவது நல்லது.

எக்ஸ் கதிரைக் காற்று விழுங்கிவிடும். கருந்துளைக்குள் விழப்போகும் வாயு பல லட்சம் டிகிரிக்குச் சூடேறி உமிழும் ஒளி நம் மலைமேல் எழுப்பிய எந்தத் தொலைநோக்கிக்கும் வந்து சேராது. மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். 1962 ஜூன் 18 அன்று நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கிளம்பிய ஏரோபீ ராக்கெட் 80 கிலோமீட்டருக்கு மேலே தங்கியது வெறும் 350 நொடி. ரிக்கார்டோ ஜியக்கோனியும் அவர் குழுவினரும் அதில் வைத்திருந்தவை சில கைகர் எண்ணிகள். நிலவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்க்கப் போன அந்தப் பயணம், விருச்சிக விண்மீன் தொகுப்பில் ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 என்ற பிரகாசமான மூலத்தைக் கண்டுகொண்டு திரும்பியது. சூரியனுக்கு வெளியே நாம் அறிந்த முதல் எக்ஸ் கதிர் மூலம் அது.

1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடலோரத்து சான் மார்கோ மேடையிலிருந்து உகுரு செயற்கைக்கோள் ஏறியது. அது கென்யாவின் சுதந்திர நாள். வானம் முழுக்கத் துழாவி அது கணக்கெடுத்த மூலங்கள் 339. கருந்துளையாக இருக்கக்கூடும் என்று அறிவியலாளர்கள் முதன்முதலில் துணிந்து சொன்ன சிக்னஸ் எக்ஸ்-1ஐ உகுருதான் உற்று நோக்கியது. பின்னாளில் அதன் எடை 21 சூரியன் என்று கணித்தார்கள்.

ஸ்கார்பியஸ் எக்ஸ்-1இல் தொடங்கி சந்திரா காணும் மிக மங்கிய மூலம் வரை, உணர்திறன் ஆயிரம் கோடி மடங்கு கூடியிருக்கிறது. வெறும் கண்ணிலிருந்து இன்றைய 10 மீட்டர் ஆடி வரை வர, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் வானியலுக்கு 400 ஆண்டு பிடித்தது. எக்ஸ் கதிர் வானியல் அதே தூரத்தை 37 ஆண்டில் கடந்தது. 2002இல் நோபல் பரிசு பெற்ற ஜியக்கோனி தம் உரையில் முன்வைத்த ஒப்பீடு இது. அந்தப் பாய்ச்சலுக்கு முக்கியக் காரணம் ஆடிகள்.

நேராக வந்து மோதும் எக்ஸ் கதிர் சாதாரண ஆடியில் திரும்பாது, உள்ளே புகுந்து உறிஞ்சப்பட்டுவிடும். குளத்தில் தவளைக்கல் எறிவதைப் போல, பரப்பை உரசினாற்போல் ஒரு டிகிரிக்கும் குறைவான சாய்வில் வந்தால்தான் அது தெறித்துப் போகும். ஆகவே இந்த ஆடி தட்டு வடிவில் இருப்பதில்லை. குழாய் வடிவில், உள்சுவர் மெருகேற்றப்பட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்படுகிறது. முன்னாலிருந்து பார்த்தால் ஒவ்வொரு குழாயும் ஒரு மெல்லிய வளையம்தான், அந்த வளையத்தின் பரப்புதான் ஒளியைச் சேர்க்கிறது. சந்திராவின் மிகப் பெரிய குழாய் 1.2 மீட்டர் அகலம். ஆனால் நான்கு இணை ஆடியும் சேர்ந்து வானத்துக்குக் காட்டும் பரப்பு 1,100 சதுர சென்டிமீட்டர். விரித்த செய்தித்தாளின் ஒரு பக்கத்துக்கும் குறைவு.

இங்கேதான் இரண்டு வழி பிரிகிறது. குறைந்த எண்ணிக்கையில் தடித்த கண்ணாடி எடுத்து, அணு அளவுக்கு மெருகேற்றிக் கூர்மையை வாங்கலாம். அல்லது மெல்லிய கூடுகளை ஏராளமாக அடுக்கிப் பரப்பை வாங்கலாம். எடையும் காசும் ஒரு எல்லைக்குள் நிற்க வேண்டுமானால் இரண்டையும் சேர்த்து வாங்க இதுவரை யாராலும் முடியவில்லை. கூர்மையை வில்நொடியில் அளப்பார்கள். ஒரு டிகிரியை 3,600ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு வில்நொடி.

சந்திரா, 1999: 4 இணை ஆடி, அரை வில்நொடி.
எக்ஸ்எம்எம்-நியூட்டன், 1999: 58 கூடு கொண்ட 3 கொத்து, ஆக 174, சுமார் 15 வில்நொடி.
நுஸ்டார், 2012: 133 கூடு கொண்ட 2 கொத்து, ஆக 266; 18 வில்நொடி.
ஈரோசிட்டா, 2019: 54 கூடு கொண்ட 7 கொத்து, ஆக 378, வானளவில் சராசரி 26 வில்நொடி.

அரை வில்நொடி என்றால் 4 கிலோமீட்டருக்கு அப்பால் 1 சென்டிமீட்டர் அளவுப் பொருளைப் பிரித்தறிவது. மேலே ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இருக்கும் கூர்மை 1999க்குப் பிறகு மேம்படவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சந்திராவுக்குப் பின் வந்த எதுவும் அதன் கூர்மையை நெருங்கக்கூட முயலவில்லை. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் எக்ஸ்எம்எம்-நியூட்டனுக்குச் செலவிட்டது சுமார் 69 கோடி யூரோ. அதன் மூன்று கொத்துகளின் ஆடிப் பரப்பை விரித்தால் 120 சதுர மீட்டருக்கு மேல் வரும். ஒளியைச் சேர்ப்பதில் அது சந்திராவைவிடப் பல மடங்கு வலியது. சந்திராவின் வலிமையோ நெருங்கி நிற்கும் இரண்டு மூலங்களை இரண்டாகவே காட்டும் கூர்மை. ஒன்றின் வேலையை மற்றொன்றால் செய்ய முடியாது. இரண்டும் ஒரே ஆண்டில் மேலே போனது இத்துறைக்கு வாய்த்த பெரும் பேறு.

சந்திராவும் சிக்கனத்துக்கு ஆட்பட்டுத்தான் பிறந்தது. 1976இல் ஜியக்கோனியும் ஹார்வி டேனன்பாமும் முன்மொழிந்து உருவான திட்டத்தில் 12 ஆடிகள் இருந்தன. 1992இல் செலவைக் குறைக்க அதில் 4 போயிற்று, 6 கருவிகளில் 2 போயிற்று. விண்ணோடம் போய்ப் பழுதுபார்க்கும் தாழ்ந்த சுற்றுப்பாதையும் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக நிலவின் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை எட்டும் நீள்வட்டப் பாதை வந்தது. ஒரு சுற்றுக்கு 64 மணி நேரம். அதில் 55 மணி நேரம் வரை பூமியின் கதிர்வீச்சு வளையங்களுக்கு வெளியே தடையின்றிப் பார்க்கலாம். பழுதானால் யாரும் போய்த் தொட முடியாது என்ற நிலையை ஏற்றுக்கொண்டு வாங்கிய நேரம் இது. நீண்ட நேரம் ஒரே இடத்தை உற்றுப் பார்க்கும் வேலைக்கு இந்தப் பாதைதான் ஏற்றது என்பது பின்னர் தெரிந்தது. குறைப்பு வேலை நன்மையில் முடிந்த அரிய உதாரணமாக இதைச் சொல்வேன்.

ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. ஏவிய சில வாரங்களிலேயே கேமராவின் பத்துச் சில்லுகளில் எட்டு சேதமடைந்தன. கதிர்வீச்சு வளையத்தைக் கடக்கும்போது குறைந்த ஆற்றல் புரோட்டான்களையும் அதே ஆடிகள் குவித்து கேமராவின் மேல் கொட்டிவிட்டன. அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் வளையத்துக்குள் நுழையும் முன் கேமராவைக் குவியத்திலிருந்து ஒதுக்கிவைக்கிறார்கள். சேதம் பெருமளவு அத்துடன் நின்றது. இப்போது இருக்கும் தொல்லைகள் வேறு. வெயிலைத் தடுக்கும் போர்வை நைந்து உள்பாகங்கள் முன்பைவிடச் சூடாகின்றன. கேமராவின் வடிகட்டியில் படிந்த மாசு குறைந்த ஆற்றல் கதிர்களை மறைக்கிறது. ஒரே திசையில் நெடுநேரம் பார்க்க முடியாததால் நோக்குகளைத் துண்டு துண்டாக வகுத்துக் கோக்க வேண்டியிருக்கிறது. நாசா சொன்னதில் உண்மை இருக்கும் இடம் இதுதான். திட்டமிடும் மனிதர்களின் உழைப்பு கூடியிருக்கிறது. எடுக்கும் படத்தின் கூர்மை அப்படியே இருக்கிறது.

அந்த உழைப்பில் கிடைப்பது என்ன? 6.83 கோடி டாலரை 365ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 1.87 லட்சம் டாலர். தெற்கு வானில் ஒரு சிறு துண்டைச் சந்திரா பல ஆண்டுகளாக விட்டு விட்டு மொத்தம் 70 லட்சம் நொடி பார்த்தது. அதாவது 81 நாள். 2017இல் வெளியான முடிவில் அங்கே இருந்த மூலங்கள் 1,008. 2023இன் விலையை வைத்துப் பார்த்தால் 81 நாளுக்கு 1.5 கோடி டாலர், ஒரு மூலத்துக்குச் சுமார் 15,000 டாலர். கதிர்வீச்சு வளையத்தில் கழியும் நேரத்தையும் சேர்த்தால் இது கொஞ்சம் கூடும். அந்த மூலங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பெருங்கருந்துளைகள். அதே அடர்த்தியில் முழு நிலவின் பரப்புக்கு எண்ணினால் 5,000 வரும், வானம் முழுவதற்கும் நூறு கோடி. இப்படி ஆழப் பார்த்த வான்துண்டுகளில் மிக மங்கிய சில மூலங்களிலிருந்து சந்திராவுக்கு வந்து சேர்ந்தது நான்கு நாளுக்கு ஒரே ஒரு ஃபோட்டான்.

இந்த எண்ணை இரண்டாம் முறை வாசிக்க வேண்டுகிறேன். நான்கு நாள் காத்திருந்து கிடைக்கும் ஒரு ஃபோட்டானைப் பின்னணி இரைச்சலிலிருந்து பிரித்து, இது இந்தக் கருந்துளைக்கு உரியது என்று சொல்ல முடிவது கூர்மையால் மட்டுமே. கூர்மை குறைந்த தொலைநோக்கியில் ஒளி பரவி விழும், பரவிய இடத்தில் இரைச்சலும் சேர்ந்து எண்ணப்படும். பரப்பை எத்தனை பெரிதாக்கினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் அண்டை மூலங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

இந்தக் கூர்மை கொண்டுவந்த செல்வங்களில் ஒன்று யுஎச்இசட்1. ஏபெல் 2744 என்ற விண்மீன் மண்டலக் கொத்து 350 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதன் ஈர்ப்பு, தனக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருக்கும் ஒரு மண்டலத்தின் ஒளியை நான்கு மடங்கு பெருக்கிக் காட்டியது. மண்டலத்தை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டது. அதன் நடுவிலிருந்து வந்த எக்ஸ் கதிரை, இரண்டு வாரத்துக்கு மேல் உற்றுப் பார்த்து, சந்திரா பிடித்தது. இரண்டு வாரத்தின் நடத்தும் செலவு சுமார் 26 லட்சம் டாலர். பெருவெடிப்புக்குப் பின் 47 கோடி ஆண்டே ஆன காலத்தில் ஒரு கோடி முதல் பத்துக் கோடி சூரியன் எடையுள்ள கருந்துளை அங்கே இருந்தது என்று 2023இல் ஆகோஸ் போக்டானின் குழு அறிவித்தது. செத்த விண்மீனிலிருந்து சிறிதாகத் தொடங்கி இவ்வளவு வளர அந்தக் காலம் போதாது. வாயு மேகமே நேராகச் சரிந்து, பிறக்கும்போதே பல்லாயிரம் சூரியன் எடையுடன் கருந்துளைகள் தோன்றியிருக்கலாம் என்று யேல் பல்கலைக்கழகத்தின் பிரியம்வதா நடராஜன் நீண்ட காலமாகச் சொல்லிவந்தார். யுஎச்இசட்1 அதற்குச் சாதகமான வலுவான சான்று. அவர் கோயம்புத்தூரில் பிறந்தவர்.

தொலைநோக்கியின் பெயருக்குரிய சுப்பிரமணியன் சந்திரசேகரும் நம்மவரே. 1910இல் லாகூரில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. அந்தப் பயணத்தில் தொடங்கிய கணக்கு, வெண்குள்ளன் விண்மீனால் சுமார் 1.4 சூரியன் எடைக்கு மேல் தாங்க முடியாது என்ற முடிவில் நின்றது. அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியின் ஒரு விடைதான் கருந்துளை. பெயர் வைக்க நாசா நடத்திய போட்டிக்கு 61 நாடுகளிலிருந்து 6,000 பரிந்துரைகள் வந்தன. அவர் 1995இலேயே மறைந்துவிட்டார்.

கருந்துளையைத் தாண்டிப் பேரண்டத்தின் கட்டமைப்புக்கு வந்தால் கணக்கின் அளவுகோலே மாறுகிறது. விண்மீன் மண்டலக் கொத்துகளில் விண்மீன்கள் எல்லாம் சேர்ந்த எடையைவிட, அவற்றுக்கு இடையே பரவிக் கிடக்கும் சூடான வாயுவின் எடை பல மடங்கு. அந்த வாயு கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் எக்ஸ் கதிரில் மட்டுமே ஒளிர்கிறது. 2006இல் புல்லட் கொத்தை நூறு மணி நேரத்துக்கு மேல் பார்த்தபோது, மோதிய இரண்டு கொத்துகளின் வாயு நடுவில் தங்கிவிட்டதும், எடையின் பெரும்பகுதி வாயுவை விட்டு விலகி முன்னே போய்விட்டதும் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் உண்டு என்பதற்கு அவ்வளவு நேரடியான சான்று அதற்கு முன் இல்லை. 25 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள பெர்சியஸ் கொத்தை 53 மணி நேரம் நோக்கி, அதன் மையக் கருந்துளை வாயுவில் எழுப்பும் ஒலி அலைகளைச் சந்திரா 2003இல் காட்டியது. அந்த ஒலியின் சுருதி பியானோவின் நடு ‘சி’ சுரத்திலிருந்து 57 ஸ்தாயி கீழே.

அகலமாகப் பார்க்க ஈரோசிட்டா. 2019 ஜூலை 13 அன்று பைக்கனூரிலிருந்து ரஷ்யச் செயற்கைக்கோளில் ஏறிய இந்த ஜெர்மானியக் கருவி, ஆறே மாதத்தில் வானத்தை ஒருமுறை சுற்றி 17 கோடி ஃபோட்டான்களைச் சேர்த்தது. அதில் ஜெர்மனியின் பங்கான பாதி வானத்தில் மட்டும் கிடைத்தவை சுமார் 9 லட்சம் மூலங்கள். 7,10,000 பெருங்கருந்துளைகள், 1,80,000 விண்மீன்கள், 12,000 கொத்துகள். அதுவரை அறுபது ஆண்டில் கண்டவை எல்லாம் சேர்ந்தும் இதற்குக் குறைவு. 5,259 கொத்துகளை எண்ணி, பேரண்டத்தின் மொத்த ஆற்றலில் பொருளின் பங்கு 29 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். எட்டுச் சுற்றுகள் திட்டம். நான்கு முழுதாக முடிந்து ஐந்தாவது நடந்துகொண்டிருந்தபோது உக்ரைன் போர் வந்தது. 2022 பிப்ரவரி 26 அன்று கருவி உறக்கநிலைக்குப் போனது. 378 கூடுகளும் நல்ல நிலையில் இருந்தும் வானம் பாதியில் நிற்கிறது. எந்தக் கணக்குப் புத்தகத்தாலும் ஈடுசெய்ய முடியாத நட்டம் இது.

ஜப்பானின் கணக்கு இன்னும் வலி மிகுந்தது. வாயுவின் வேகத்தை நிறமாலையில் அளக்க, ஒரு ஃபோட்டான் தரும் வெப்பத்தையே அளக்கும் நுண்வெப்பமானி வேண்டும். அது தனிச்சுழியத்துக்கு 0.05 டிகிரி மேலே உறைந்திருக்க வேண்டும். 2000 பிப்ரவரியில் அதைச் சுமந்த முதல் செயற்கைக்கோள் ராக்கெட் தவறி விழுந்தது. 2005 ஜூலையில் ஏறிய சுசாகுவில் 29ஆம் நாளே குளிரூட்டும் ஹீலியம் முழுவதும் ஆவியாகிவிட்டது. 2016 பிப்ரவரி 17 அன்று 3,100 கோடி யென் செலவில் ஹிட்டோமி ஏறியது. மார்ச் 26 அன்று, சுழலாத செயற்கைக்கோளைச் சுழல்வதாக அதன் கருவி தவறாக உணர்ந்ததில் தொடங்கிய பிழை, தவறாக ஏற்றப்பட்ட உந்துவிசைக் கட்டளையால் பெரிதாகி, செயற்கைக்கோள் வேகமாகச் சுழன்று உடைந்தது. மிஞ்சியது பெர்சியஸ் கொத்தின் சில நாள் நோக்கு. அங்கே வாயுவின் கொந்தளிப்பு நொடிக்கு 164 கிலோமீட்டர், எதிர்பார்த்ததைவிட அமைதி. அந்த ஒரு எண்ணுக்காகவே ஹிட்டோமியை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான்காம் முயற்சியான கிரிசம் 2023 செப்டம்பர் 7 அன்று தனேகஷிமாவிலிருந்து ஏறி இன்று ஓடுகிறது. அதன் வெப்பமானியில் 36 பிக்சல். முன்னே இருக்கும் காப்புக் கதவு திறக்காததால் 1.7 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்குக் கீழே உள்ள கதிர்கள் அதில் பெரும்பாலும் நுழைவதில்லை.

குறைந்த காசில் என்ன செய்யலாம் என்பதற்கு இந்தியாவின் பதில் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட். செலவு 178 கோடி ரூபாய், அன்றைய மதிப்பில் சுமார் 2.7 கோடி டாலர். சந்திராவின் அறுபதில் ஒரு பங்கு. அது கூர்மைக்குப் போட்டியிடவில்லை. மும்பை டாடா ஆய்வு நிறுவனம் செய்த அதன் பெரிய எக்ஸ் கதிர் எண்ணிகளுக்கு ஆடியே கிடையாது. 6,000 சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஃபோட்டான் வந்த நேரத்தை 10 மைக்ரோ நொடித் துல்லியத்தில் குறிக்கும். கருந்துளையைச் சுற்றும் வாயுவின் துடிப்பை அளக்க அதுதான் வேண்டும். 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு வெறும் 6 டிகிரி சாய்வில் ஓடவிட்டதால் கதிர்வீச்சுத் தொல்லையும் குறைந்தது. ஐந்து ஆண்டுக்கு என்று செய்தது பத்தாம் ஆண்டிலும் ஓடியது.

அடுத்து 2024 ஜனவரி 1 அன்று போன எக்ஸ்போசாட். எடை 469 கிலோ, செலவு சுமார் 250 கோடி ரூபாய். எக்ஸ் கதிர் எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை அளக்கும் வேலை. இதே வேலைக்கு நாசா 2021 டிசம்பரில் அனுப்பிய ஐக்ஸ்பிக்கு 18.8 கோடி டாலர் ஆனது. நாசாவுடையது 2 முதல் 8 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரை பார்க்கிறது, பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் போலிக்ஸ் கருவி 8 முதல் 30 வரை பார்க்கிறது. ஒன்று விட்ட இடத்தில் மற்றது தொடங்குகிறது. குறைந்த நிதிக்கும் இத்துறையில் இடம் உண்டு. ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் கருவி செய்தால் போதும்.

ஆனால் அரை வில்நொடிக் கூர்மையைச் சிறு காசில் வாங்க வழியில்லை. வரப்போகும் நியூஅத்தீனா தொலைநோக்கிக்கு ஐரோப்பா வைத்திருக்கும் வரம்பு 130 கோடி யூரோ. ஏவுவது 2037இல், கூர்மை 9 வில்நொடி. நாசா 2024 அக்டோபரில் மேல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இரண்டு திட்டங்களில் ஒன்றான ஆக்ஸிஸ் தேர்வானாலும் 2032க்கு முன் மேலே போகாது, அதன் இலக்கும் சந்திராவின் கூர்மைக்குக் கீழேதான். சந்திராவை இன்று மூடினால், 2023இன் கணக்குப்படி, ஆண்டுக்கு 6.83 கோடி டாலர் மிஞ்சும். அதே கூர்மையில் இன்னொன்று வேண்டுமென்றால் 165 கோடியிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் 1999இன் டாலரில். இன்னும் பத்தாண்டு ஓடக்கூடிய நிலையில் தொலைநோக்கி இருக்கிறது என்று அதை இயக்குபவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பத்தாண்டுக்கு ஆகும் 68 கோடி டாலரை ஒதுக்கி அதை ஓடவிடுவதுதான் சரியான செலவு.